தகரம்தானே?

"தகரம்தானே" என்ற ஒரே ஒரு சொல்லுக்கு எதிராக இதை எழுதுகிறேன்.

அண்மையில் ஜேர்மனியின் ஹம் நகருக்குப் போயிருந்தேன். காமாட்சி அம்பாள் ஆலயத் தேருக்கென்றுதான் போனேன். தேரும் பார்த்தேன். ஆனால் நின்ற மூன்று வாரங்களில் இரண்டு வாரங்களை அத்தானின் கராஜிலே, ஒரு பழைய காரின் கீழே மல்லாந்து படுத்தபடி கழித்தேன். கலைப் பட்டதாரியும் பத்திரிகைக்காரனுமான எனக்கு அங்கே என்ன வேலை என்று அக்கா கேட்டார். அந்தக் கேள்விக்கும் இக்கட்டுரையில் இடமுண்டு.

கார் 1972ஆம் ஆண்டின் போர்ஷ 914. போர்ஷவும் வொக்ஸ்வாகனும் கூட்டாக உருவாக்கியது. ஹம் நகருக்கு அதிக தூரமில்லாத ஒஸ்னாப்ரூக்கில் கார்மான் தொழிற்சாலை இதன் உடலைக் கட்டியது. ஆசனங்களுக்குப் பின்னால், காரின் நடுவிலே எஞ்சின். நான்கு சிலிண்டர்கள், 1.7 லீற்றர், 80 குதிரைவலு. 'இது போர்ஷவா, வொக்ஸ்வாகனா' என்று அந்நாட்டவர் இன்றும் ஏளனம் செய்வதுண்டு. அத்தானுக்கு அதனாலேயே இதன்மேல் பிரியம். 1992இல் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேறி, முப்பது வருடம் இரவுவேலை செய்து, ஓய்வு நெருங்கும் வயதில் வாங்கிய கார்.

இந்தக் காருக்கு ரேடியேற்றர் கிடையாது, தண்ணீரும் கிடையாது. எஞ்சினின் முன்முனையில் உள்ள விசிறி ஊதும் காற்றே இதைக் குளிர்விக்கிறது. காற்று தானாகப் போகவேண்டிய இடத்துக்குப் போகாது. எங்கே தடை குறைவோ அங்கேதான் போகும். ஆகவே சிலிண்டர்களைச் சுற்றியுள்ள மெல்லிய செட்டைகளுக்கிடையே அதை வலுக்கட்டாயமாகச் செலுத்த, மேலேயும் கீழேயும் வளைந்த தகரங்கள் இருக்கின்றன. அவற்றோடு எஞ்சினைச் சுற்றி வேலி போல இன்னொரு வரிசைத் தகரமும், அதன் விளிம்பிலே இறப்பர் பட்டியும் உண்டு. அந்த வேலிக்கு மேலே இருப்பது குளிர்ந்த காற்று. கீழே இருப்பது, சிலிண்டர்களைத் தழுவி வெந்துபோன காற்றும் புகைக்குழாயின் அனலும். வேலி உடைந்தால் கீழே உள்ள சூடு மேலே வரும். விசிறி அதையே மீண்டும் உறிஞ்சி எஞ்சினுக்கு ஊட்டும். காய்ச்சல்காரனுக்குக் கொதிநீரில் ஒத்தடம் கொடுப்பது போன்றது அது.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒயில் கசிவைத் திருத்தவென்று அத்தான் காரை ஒரு திருத்துமிடத்தில் விட்டார். பெயர் வேண்டாம். 3,200 யூரோ வாங்கினார்கள். கசிவு நின்றது. கறள் பிடித்திருந்த பக்கத் தகரங்களைக் கழற்றி எறிந்துவிட்டு, எஞ்சினை வெறுமனே ஏற்றிப் பூட்டியிருந்தார்கள். கேட்டபோது வந்த பதில்: "தகரம்தானே, அது இல்லாவிட்டால் இன்னும் நன்றாகக் காற்று வரும்." அடுத்த கோடையில், நெடுஞ்சாலையில் அரைமணி நேரம் ஓடியதும் ஒயில் கருகும் மணம் வந்தது. வெப்பமானி முள் போகக்கூடாத இடத்தில் நின்றது. இந்த எஞ்சின்களில் சூடு மிஞ்சினால் சிலிண்டர்த் தலை வெடிக்கும். வால்வு அமரும் வளையம் கழன்று விழும். விழுந்தால் எஞ்சின் முடிந்தது. அத்தான் அந்த இடத்திலேயே காரை நிறுத்தி, இழுவை வண்டியில் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

அந்தத் திருத்துநர் அறியாமல் செய்தாரா, சோம்பலால் செய்தாரா என்ற ஆராய்ச்சி எனக்கு வேண்டாம். சான்றிதழைச் சுவரில் மாட்டியிருந்த மனிதர் அவர். "தொழில் தெரிந்தவன் சொல்லிவிட்டான்" என்று எத்தனை இடங்களில் வாய்மூடி நின்றிருக்கிறோம்! வீட்டில் செய்யும் வேலை அரைகுறை, கடையில் செய்வதே முழுமை என்று வாதிடும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களை அந்தக் காரின் கீழே ஒருமுறை படுக்கவைக்க விரும்புகிறேன்.

அத்தான் முழு எஞ்சினையும் கியர்பொக்ஸோடு சேர்த்துக் கீழே இறக்கினார். 914இல் இரண்டும் ஒன்றாகத்தான் இறங்கும். (ஜக்கை மட்டும் நம்பிக் காரின் கீழே போகக்கூடாது, நான்கு தாங்கிகள் வைத்த பின்னரே என்னை உள்ளே விட்டார். பற்றரியையும் முதலிலேயே கழற்றிவிட்டார். பழைய பெற்றோல் குழாய்களில் ஒன்று கையில் தொட்டதும் நொறுங்கியது. இந்த வகைக் கார்கள் தீப்பற்றுவதற்கு அதுவே போதும்.) எஞ்சின் அறையின் வலப்பக்கத்தில் பற்றரி இருக்கிறது. மேலே கம்பிவலை மூடி வழியாக மழை விழும். பற்றரியின் அமிலமும் மழைநீரும் சேர்ந்து கீழேயுள்ளவற்றைத் தின்றுவிடும். அமெரிக்காவில் இதை வைத்திருப்போர் அந்த மூலைக்கு 'நரகக் குழி' என்றே பெயரிட்டிருக்கிறார்கள். அதோடு ஐரோப்பியப் பனிக்காலத்தில் வீதியில் தூவும் உப்பு வேறு.

தகரங்களைப் பிடித்திருப்பவை ஆறு மில்லிமீற்றர்ப் புரியாணிகள். எஞ்சினின் உடல் அலுமினியம். இரும்பு ஆணி அலுமினியத்துக்குள் ஐம்பது வருடம் கிடந்தால், அவசரக்காரன் திருகும்போது ஆணியின் தலை முறியும், அல்லது புரியே பிடுங்கிக்கொண்டு வரும். அத்தான் ஒவ்வோர் ஆணிக்கும் ஊடுருவும் ஒயில் விட்டு ஓரிரவு பொறுத்தார். காலையில் சிறு தீச்சுவாலையால் சுற்றிச் சூடாக்கி, இறுக்கும் பக்கம் ஒரு சிறிது, தளர்த்தும் பக்கம் ஒரு சிறிது என்று அசைத்துக் கழற்றினார். இரண்டு முறிந்தன. அவற்றைத் துளைத்து எடுத்துப் புதிய புரிச்சுருள் பதித்தோம். மணித்தியாலத்துக்குக் கூலி வாங்கும் எந்தக் கடை இந்தப் பொறுமைக்கு நேரம் தரும்?

புதிதாக வார்க்கப்பட்ட தகரங்கள் சந்தையில் கிடைக்கின்றன. மெல்லியவை, துளைகள் நேருக்கு நேர் வராது, இறப்பர் பட்டி விளிம்பில் உட்காராது. கண்ணாடி போலப் பளபளக்கும் குரோம் தகரங்களும் உண்டு. கண்காட்சியில் மூடியைத் திறந்து வைத்திருப்பவர்களுக்கு அவை போதும். கறுப்புப் பூச்சு நல்லதா, குரோம் நல்லதா என்று பக்கம் பக்கமாக வாதாடுவோரைப் பார்த்திருக்கிறேன். நிறம் கிடக்கட்டும் ஐயா, இடைவெளி இல்லாமல் பொருந்துகிறதா என்பதல்லவா கேள்வி! அத்தான் பாவித்த மூலத் தகரங்களையே தேடி வாங்கினார். கம்பித் தூரிகையால் கறள் நீக்கி, ஓட்டை விழுந்த இடத்தை வெட்டி ஒட்டி, நாகப் பூச்சும் அதன்மேல் கறுப்பும் பூசினார். வேலை முடிந்ததும் பார்த்தால் எதுவும் தெரியாது. பத்திரிகையில் ஒப்புநோக்குநர் செய்யும் வேலையும் அப்படித்தான். அவர் இல்லாத நாளில்தான் ஆசிரியருக்கே அவர் நினைவு வரும்.

இனி அக்காவின் கேள்விக்கு வருகிறேன். படித்தவனுக்குக் கறளில் என்ன வேலை?

1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் இலங்கைப் பாடசாலைகளில் தொழில் முன்னிலைப் பாடங்களைக் கொண்டுவந்தது. 1977 ஆட்சிமாற்றத்தின் பின் அது கைவிடப்பட்டது. எங்கள் தலைமுறை ஆறாம் வகுப்புக்கு வந்தபோது அந்தப் பாடம் இருக்கவில்லை. எவரும் அழவுமில்லை; பிள்ளைகளைக் கொல்லனாகவும் தச்சனாகவும் ஆக்கப்பார்க்கிறார்கள் என்று முன்பு கொதித்த பெற்றோர் நிம்மதியடைந்தார்கள். க.பொ.த. உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு வருவதற்கு 2013 வரை காத்திருக்கவேண்டியதாயிற்று. ஒளித்துப் பேசுவானேன்? கையில் கறள் படுவதற்கு நாம் கூசியதற்குக் காரணம் அழுக்கு அல்ல, சாதி.

அதே யாழ்ப்பாணத்தில், தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்காலத்தில் நம்மைச் சுமந்தவை எவை? நாலு துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின் ஏ-40களும் மோட்டார் சைக்கிள்களும்தான். சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் வானொலிச் செய்தி கேட்டோம். நோயாளரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசேர்த்த அந்தக் கார்களை ஓடவைத்தவர்களைப் பற்றி நான் ஒரு வரி எழுதியதில்லை. அறிக்கைகளை எழுதினேன், கூட்டங்களை எழுதினேன். அத்தான் பதினெட்டு வயதில் அப்படியொரு கராஜில் எடுபிடியாக நின்றவர். வீட்டில் அதை வெளியே சொல்லவேண்டாம் என்றார்களாம். கல்யாணப் பேச்சின்போதும் மறைக்கப்பட்டது. எனக்கே இந்தப் பயணத்தில்தான் தெரியவந்தது.

"தம்பி, அந்த லைற்றைக் கொஞ்சம் கிட்டப் பிடி" என்பார். பிடித்தேன். முதல் நாள் எந்த ஸ்பானரைக் கேட்கிறார் என்றே விளங்கவில்லை. பத்தாம் நாள் கேட்குமுன் எடுத்துக் கொடுத்தேன்.

வீட்டில் எல்லாவற்றையும் செய்யலாம் என்று நான் வாதிடவில்லை. பிறேக் வேலையை அத்தான் இன்றும் வெளியேதான் கொடுக்கிறார். ஆனால் கொடுக்குமுன் கேள்வி கேட்கிறார், வாங்கும்போது கீழே குனிந்து பார்க்கிறார். அந்தப் பழைய திருத்துமிடத்துக்குக் கழற்றி எறிந்த பாகங்களின் பட்டியலை எழுதிப் பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கேட்டிருக்கிறார். இக்கட்டுரை எழுதும்வரை பதிலில்லை.

எஞ்சின் ஏறிவிட்டது. அரைமணி ஓட்டத்தில் முள் நடுவில் நிற்கிறது. வலப்பக்கப் பின்மூலைத் தகரம் மட்டும் எங்கும் கிடைக்கவில்லை. தற்காலிகமாக அலுமினியத் தகடொன்றை வைத்துக் கட்டியிருக்கிறார். தடித்த அட்டையில் அச்சு வெட்டியாயிற்று, ஒரு மில்லிமீற்றர் இரும்புத் தகடும் வாங்கியாயிற்று. அதை வளைப்பதற்கு இருவர் வேண்டுமாம். ஓகஸ்டில் வருகிறாயா என்று நேற்றுக் கேட்டார்.