கணவருக்கும் அதே நாளில்: தம்பதியர் குரோமோசோம் பரிசோதனை குறித்து எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

இந்த அறிக்கை ஏன் இப்போது என்று உறுப்பினர்களுக்கு விளக்கத் தேவையில்லை. தொடர் கருச்சிதைவுக்கான பேக்கேஜைத் தனியார் மருத்துவமனைக் குழுமம் ஒன்று மாற்றியிருக்கிறது. முதலில் மனைவிக்கு மட்டும் கேரியோடைப், அதாவது இரத்தத்தில் குரோமோசோம் அமைப்பைப் பார்க்கும் பரிசோதனை. அதில் எதுவும் தென்படாவிட்டால்தான் கணவருக்கு. செலவைக் குறைக்கவே இந்த ஏற்பாடு என்கிறார்கள். அவர்கள் நோக்கத்தைச் சந்தேகிக்க வேண்டாம் என்று செயற்குழுவில் சிலர் கேட்டுக்கொண்டார்கள்; சந்தேகிக்கவில்லை. ஏற்பாட்டை ஏற்கவும் இல்லை.

சமநிலை இடமாற்றம் ஏறக்குறைய 500 பேரில் ஒருவருக்கு உண்டு. இரண்டு குரோமோசோம்களின் துண்டுகள் தமக்குள் இடம் மாறி ஒட்டியிருக்கும். மொத்தத்தில் எதுவும் கூடவோ குறையவோ இல்லாததால் ஆள் நலமாகவே இருப்பார். கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போதுதான் சிக்கல். ஒரு துண்டு அதிகமாகவோ குறைவாகவோ போய்ச் சேர்ந்தால், அந்தக் கரு பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள் கலைந்துவிடும். திரும்பத் திரும்பக் கரு கலையும் தம்பதியரில் 100க்கு 2 முதல் 5 ஜோடிகளில், இருவரில் ஒருவரிடம் இந்த இடமாற்றம் இருக்கிறது. இப்படி இடமாற்றம் உள்ளவர்களில் பெண்கள் சற்று அதிகம் என்பது உண்மைதான். அதற்காக ஆண்களை வரிசையின் கடைசியில் நிறுத்துவது எந்தக் கணக்கில் சேரும்?

நடைமுறையில் நடப்பதைச் சொல்கிறோம். மனைவியின் ரிப்போர்ட்டில் 9ஆம் குரோமோசோமின் ஒரு பகுதி தலைகீழாக இருப்பதாக ஒரு வரி வருகிறது. மரபியல் மருத்துவர்கள் இதை இயல்பான வேறுபாடாகவே கொள்கிறார்கள். புதிய விதிப்படி அதுவும் 'ஏதோ இருக்கிறது' கணக்கில் போய்விடலாம். கணவரின் இரத்தம் எடுக்கப்படாது, ஃபைல் மூடப்படும். வீட்டில் பேச்சு ஆரம்பிக்கும்: "எங்க பையனுக்கு ஒண்ணுமில்ல, அவகிட்டதான் கோளாறு." வேண்டுதல், பரிகாரம், ஜாதகம், கடைசியில் இன்னொரு கல்யாணப் பேச்சு. இவை எதையும் நாங்கள் கற்பனை செய்து எழுதவில்லை.

"என் விந்து ரிப்போர்ட் நார்மல், எனக்கு எதுக்கு ஊசி?" என்று கேட்கும் கணவர்களுக்கு: எண்ணிக்கையும் அசைவும் சரியாக இருப்பதால் குரோமோசோம் அமைப்பும் சரியாக இருக்கிறது என்று ஆகாது. கேட்பது சில மில்லி இரத்தம், ஹெப்பாரின் இட்ட பச்சை மூடிக் குழாயில். கரு கலைந்தபின் கருப்பையைச் சுத்தம் செய்யும் டி அண்ட் சி மேசையில் திரும்பத் திரும்பப் படுத்து எழுந்தவளுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு கை நீட்ட மறுப்பவருக்கு, மறுக்கும் காரணத்தை மருத்துவமனையே அச்சடித்துக் கொடுப்பது வெட்கக்கேடு. இந்த வாக்கியத்தை மென்மையாக்கச் சொன்னார்கள். மென்மையாக்கவில்லை.

இடமாற்றம் யாரிடம் இருக்கிறது என்பதைப் பொறுத்து ஆலோசனையே மாறும். 14ஆம், 21ஆம் குரோமோசோம்கள் ஒன்றாக இணைந்த 'ராபர்ட்சோனியன்' வகை இடமாற்றம் தாயிடம் இருந்தால், டவுன் சிண்ட்ரோம் குழந்தை பிறக்கும் வாய்ப்பு 100க்கு 10 முதல் 15. தந்தையிடம் இருந்தால் மிகக் குறைவு. இரண்டு 21களும் ஒட்டிக்கொண்டிருந்தால் நிலைமை முற்றிலும் வேறு. ஒருவரைப் பார்த்துவிட்டு நிறுத்துவது மருத்துவமும் ஆகாது.

எத்தனை கருச்சிதைவுக்குப் பிறகு பரிசோதிப்பது? பிரிட்டன் வழிகாட்டுதல் மூன்று என்கிறது, ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவக் கழகம் இரண்டு என்கிறது. நம் நாட்டில் பாலினத் தேர்வைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டமே, கருவில் மரபணுக் குறை அறியும் பரிசோதனைக்கான காரணங்களில் 'இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட' கருச்சிதைவைச் சேர்த்திருக்கிறது. எங்கள் நிலையும் இரண்டுதான்.

கலைந்த கருவின் திசுவையும் குரோமோசோம் பரிசோதனைக்கு அனுப்புவதுண்டு; அதை ஃபார்மலினில் போட்டு அனுப்பினால் அதற்கான செல் வளர்ப்பு நடக்காது. இதை இன்னும் லேபர் வார்டில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது.

கருப்பைக்குள் வைக்கும் முன் கருவைப் பரிசோதிக்கும் முறை சில சூழல்களில், தகுந்த ஆலோசனைக்குப் பின், பரிசீலிக்கத்தக்கது. அது கருச்சிதைவைக் குறைக்கலாம். இயற்கையாக முயல்வதைவிடக் கூடுதலான குழந்தைப்பேற்றைத் தரும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. தொடர் கருச்சிதைவுக்கு ஆளான இடமாற்றத் தம்பதியரில் 100க்கு 80க்கும் மேற்பட்டோர் பிற்பாடு ஆரோக்கியமான குழந்தை பெற்றதாக 2006இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு காட்டியது. ரிப்போர்ட்டைக் கையில் கொடுப்பவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

இந்த இடமாற்றம் சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்ற பேச்சுக்கும் பொதுவாக அடிப்படை இல்லை.

ஆகவே நாங்கள் கோருவது: இருவரின் இரத்தமும் ஒரே நாளில், ஒரே கட்டணத்தில் எடுக்கப்பட வேண்டும். முடிவு இருவரும் சேர்ந்து இருக்கும்போது மரபணு ஆலோசகர் மூலம் சொல்லப்பட வேண்டும்; மாமியார் கைக்கோ வாட்ஸ்அப்புக்கோ போகக் கூடாது. இடமாற்றம் உடன்பிறந்தவர்களுக்கும் இருக்கக்கூடும் என்பதால், ஒப்புதலோடு அவர்களுக்கும் இயன்றவரை தெரிவிக்க வேண்டும்.

கருப் பரிசோதனை பற்றிய பத்தியில் சில உறுப்பினர்களுக்கு உடன்பாடில்லை. அவர்களின் குறிப்பு அடுத்த பொதுக்குழுவில் வைக்கப்படும். குழுமத்துக்கு இந்த அறிக்கையின் நகல் அனுப்பப்பட்டிருக்கிறது. விதி மாறும்வரை, அங்கே செல்லும் தம்பதியர் கணவருக்கான பரிசோதனைப் படிவத்தையும் முதல் நாளே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தர மறுத்தால் எழுத்தில் தரச் சொல்லி, அந்தக் கடிதத்தை எங்களுக்கு அனுப்புங்கள்.