‘ஃபாஸ்ட் சிடபிள்யூடி’ எச்சரிக்கை: கோளாறு விண்டோஸிலா, சிக்வினிலா, வேறெங்காவதா?

பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால், நசரத்பேட்டை, தண்டலம் என வழிநெடுக பொறியியல் கல்லூரிகள். அங்கே கணினி அறிவியல் படிக்கும் மாணவர்களுக்கு யூனிக்ஸ் தப்பிக்க முடியாத பாடம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017, 2021 பாடத்திட்டங்கள் இரண்டிலும் ஆபரேட்டிங் சிஸ்டம் ஆய்வகப் பயிற்சியில் யூனிக்ஸ் கட்டளைகளும் ஷெல் புரோகிராமிங்கும் இருக்கின்றன. ஆனால், வீட்டில் இருக்கும் லேப்டாப்பில் பெரும்பாலும் விண்டோஸ்தான். இந்த இடைவெளியை நிரப்ப வந்தவைதான் சிக்வின், கிட் பேஷ் மாதிரியான மென்பொருள்கள்.

அப்படி ஒன்றைத் திறந்ததும் சிலருக்குத் திரையில் ஒரு எச்சரிக்கை வரும். ‘ஃபாஸ்ட் சிடபிள்யூடி பாயின்டரைக் கணக்கிட முடியவில்லை, சிக்வின் குழுவுக்குத் தெரிவிக்கவும்’ என்பது அதன் சாரம். பார்த்தவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்வார்கள். வைரஸோ என்று பயந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்வார்கள். இல்லையென்றால், ‘அது வந்தா வரட்டும்’ என்று கண்டுக்காமல் விடுவார்கள். இரண்டுமே சரியில்லை.

சிடபிள்யூடி என்றால் என்ன?

‘கரன்ட் வொர்க்கிங் டைரக்டரி’ என்பதன் சுருக்கம் அது. அதாவது, ஒரு புரோகிராம் இப்போது எந்த ஃபோல்டருக்குள் நின்று வேலை செய்கிறது என்ற தகவல். ‘சிடி’ கட்டளை அடிக்கும்போது மாறுவது இதுதான்.

இங்கேதான் யூனிக்ஸுக்கும் விண்டோஸுக்கும் ஒத்துப்போகாது. வீட்டுக்குள் ஆள் இருக்கும்போதே அந்த வீட்டைத் தெருக் கணக்கிலிருந்து நீக்கலாமா? நீக்கலாம் என்கிறது யூனிக்ஸ். கணக்கில் பெயர் போய்விடும். உள்ளே இருப்பவர் வெளியேறும் வரை இடம் இருக்கும். விண்டோஸோ, ‘உள்ளே ஆள் இருக்காங்க, முடியாது’ என்று சொல்லிவிடும். நாம் அடிக்கடி பார்க்கும் ‘ஃபோல்டர் பயன்பாட்டில் உள்ளது’ என்ற செய்திக்கு இதுவும் ஒரு காரணம்.

சிக்வின் என்ன செய்தது?

அமெரிக்காவின் சிக்னஸ் சொல்யூஷன்ஸ் நிறுவனத்தில் 1995-ல் தொடங்கியது சிக்வின். யூனிக்ஸுக்காக எழுதப்பட்ட புரோகிராம்களை விண்டோஸில் ஓடவைக்கும் இடைப்பாலம் இது. யூனிக்ஸ் மாதிரியே நடந்துகொள்வதாக வாக்குக் கொடுத்துவிட்டு, ‘ஃபோல்டரை அழிக்க முடியாது’ என்று சொன்னால் பழைய ஸ்கிரிப்டுகள் உடைந்துபோகும். எனவே, விண்டோஸ் வைத்திருக்கும் டைரக்டரிப் பிடியை எடுத்துவிட்டு, அழிக்க அனுமதிக்கும் தன் சொந்தப் பிடியை அந்த இடத்தில் வைத்தது சிக்வின்.

விண்டோஸ் விஸ்டாவிலிருந்து மைக்ரோசாஃப்ட் இந்தத் தகவலை வேறொரு உள் அமைப்புக்கு மாற்றியது. அது எங்கே இருக்கிறது என்பதற்கு அதிகாரப்பூர்வ ஆவணம் எதுவும் இல்லை. அதனால் சிக்வின், விண்டோஸின் அடிப்படை நூலகமான என்டிடிஎல்எல்-இன் மெஷின் கோடையே துழாவி அந்த முகவரியைக் கண்டுபிடிக்கிறது. புதிய விண்டோஸ் பதிப்பில் அந்தக் கோடு கொஞ்சம் மாறினாலும் தேடல் தோற்றுவிடும். உடனே எச்சரிக்கை வரும். ஆர்ம் சிப் கொண்ட விண்டோஸ் கணினிகளிலும் இதே கதைதான்.

இது ஆபத்தா?

பெரிதாக இல்லை. யூனிக்ஸின் டைரக்டரி நடத்தையை எல்லா இடத்திலும் அச்சு அசலாக நகலெடுக்க முடியாமல் போகலாம் என்பதுதான் அந்தச் செய்தியின் அர்த்தம் என்று சிக்வின் திட்டமே விளக்கியிருக்கிறது. வழக்கமான ஆய்வகப் பயிற்சிகள் பெரும்பாலும் பாதிக்கப்படாது.

கவலைப்பட வேண்டியது வேறொன்று. ஒவ்வொரு முறை விண்டோஸ் மாறும்போதும் சிக்வின் குழு தன் கோடைத் திருத்திப் புதிய பதிப்பு தருகிறது. அப்புறமும் எச்சரிக்கை வருகிறது என்றால், உங்கள் கணினியில் ஓடுவது பழைய சிக்வின் என்று பொருள். பெரும்பாலும் அதை நீங்கள் இன்ஸ்டால் செய்திருக்கவே மாட்டீர்கள். வேறு ஏதோ மென்பொருள், தன் தேவைக்காக பழைய சிக்வின் ஃபைலைத் தன் ஃபோல்டருக்குள் போட்டுக்கொண்டு வந்திருக்கும். அதை அப்டேட் செய்யும் வழியையும் பல நிறுவனங்கள் தருவதில்லை. சிடபிள்யூடி திருத்தம் வந்து சேராத அந்த நகலுக்குப் பாதுகாப்புத் திருத்தங்களும் வந்து சேர்ந்திருக்காது.

பொறுப்பு யாருக்கு?

ஆவணமில்லாத இடத்தில் கைவைத்தது சிக்வினின் தப்பு என்று வாதிடலாம். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால், அந்தக் குழு தன் தேர்வுக்கான விலையை ஒவ்வொரு முறையும் திருத்தம் வெளியிட்டுக் கட்டுகிறது. உள் அமைப்பை மாற்றமாட்டோம் என்று மைக்ரோசாஃப்ட் யாருக்கும் வாக்குக் கொடுக்கவும் இல்லை. இலவசமாகக் கிடைத்த நூலகத்தை எடுத்துத் தன் பொருளோடு கட்டி அனுப்பிவிட்டு, அதன்பிறகு திரும்பியே பார்க்காத நிறுவனம்தான் முதல் பொறுப்பாளி. புகார் போவதோ சிக்வின் குழுவுக்கு. யாரோ வைத்த கடனுக்கு யாரோ வட்டி கட்டுவது மாதிரி!

மாணவர்கள் செய்யக்கூடியது எளிது. கணினியில் ‘சிக்வின்1 டிஎல்எல்’ என்ற ஃபைலைத் தேடுங்கள். எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று பார்த்தாலே, கொண்டுவந்தது யார் என்று தெரிந்துவிடும். அந்த மென்பொருளை அப்டேட் செய்யுங்கள். வழியில்லை என்றால் அதன் தயாரிப்பாளரிடம் கேளுங்கள். பயிற்சிக்கு யூனிக்ஸ் சூழல் மட்டும் போதும் என்றால், உண்மையான லினக்ஸ் கர்னலோடு ஓடும் டபிள்யூஎஸ்எல் 2 விண்டோஸிலேயே கிடைக்கிறது.

கல்லூரிகளுக்கும் இதில் வேலை இருக்கிறது. 2011-ல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டத்தில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் வந்தது. கருவி கையில் இருந்தது. அதைப் பழக்கும் வேலைதான் பல இடங்களில் நடக்கவில்லை. ஆய்வக ரெக்கார்டு நோட்டில் சரியான அவுட்புட்டை மட்டும் எழுதவைக்கிறோம். திரையில் வந்த எச்சரிக்கையையும் அதன் காரணத்தையும் ஒரு பக்கம் எழுதச் சொன்னால் என்ன? வேலைக்குப் போன முதல் மாதத்தில் அவர்களுக்கு அதிகம் கைகொடுக்கப்போவது அந்த ஒரு பக்கமாகத்தான் இருக்கும்.