லேபிளில் என்ன எழுதுவது?

வெளிநாட்டிலிருந்து வந்த மகள் ஒரு லிட்டர் ஆலிவ் எண்ணெயைக் கையில் கொடுத்து, "அப்பா, இதுல ஆன்டிஆக்சிடன்ட் நிறைய இருக்கு, தினமும் ரெண்டு ஸ்பூன் சாப்பிடுங்க" என்றாள். குடித்தேன். தொண்டை எரிந்தது. கெட்டுப்போச்சோ என்று பார்த்தால், எரிச்சல்தான் தரமாம்! ஓலியோகேந்தால் என்ற பொருளின் வேலை அது.

ஐரோப்பாவில் இதற்கு 2012-லேயே விதி போட்டுவிட்டார்கள். 20 கிராம் எண்ணெயில் ஹைட்ராக்சிடைரோசாலும் அதன் வகையறாவும் குறைந்தது 5 மில்லிகிராம் இருக்க வேண்டும். அப்போதுதான் 'ரத்தக் கொழுப்பு ஆக்சிஜனால் சிதையாமல் காக்க உதவும்' என்று லேபிளில் போடலாம். தினம் 20 கிராம் சாப்பிட்டால்தான் அந்தப் பலன் என்பதையும் சேர்த்தே சொல்லணும். நோய் தீரும் என்று போட முடியாது. பத்திரம் பார்க்காமல் கடன் கொடுத்துப் பழகாத வங்கிக்காரன் நான். இந்தக் கறார் எனக்குப் பிடித்தது.

நம்ம நல்லெண்ணெய் இளைத்ததா என்ன? செசமின், செசமோலின், காமா டோகோபெரால் எல்லாம் அதில் உண்டு. எள்ளை வறுக்கும்போது செசமோலின் உடைந்து செசமால் ஆகிறது. நல்லெண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்காததற்கு இவைதான் காரணம். ஊறுகாய்க்கு அம்மா வேறு எண்ணெய் ஊற்றமாட்டார். செசமின், உடம்பில் காமா டோகோபெரால் சீக்கிரம் கழிந்துபோகாமல் தடுக்கிறது. இத்தகைய பொருட்கள் நம் செல்களைத் தூண்டி, குளுட்டதயோன் போன்ற சொந்தக் காவலைக் கூட்டுகின்றன என்பதும் ஆய்வகங்களில் தெரிந்ததுதான். ஆனால் ஆய்வகக் கிண்ணம் வேறு, மனுஷ உடம்பு வேறு.

இங்கேதான் நாம் சறுக்குகிறோம். வெள்ளக்கடையில் எனக்குக் காபியும் மிளகும்தான். எள்ளைக் கீழே சேலம் பக்கத்து நண்பரிடம் வாங்கி, மரச்செக்கில் ஆட்டி விற்கிறேன். மூன்று வருஷம் முன்னால் 'சர்க்கரை நோய் குணமாகும்' என்று ஒரு வரி அச்சடித்தேன். எல்லாரும் போட்டார்கள், நானும் போட்டேன். சந்தையில் ஒருவர் வந்து, "சார், உங்க எண்ணெய் சாப்பிட ஆரம்பிச்சதுல இருந்து மாத்திரையை நிறுத்திட்டேன்" என்றார். எனக்குக் கை நடுங்கியது. அன்றைக்கே அவரை டாக்டரிடம் அழைத்துப் போனேன்.

ரசாயனக் கம்பெனிக்காரன் பொய் சொன்னால் கத்துகிறோமே, நம் பொய்க்கு மட்டும் சலுகையா? பலனைக் காப்பாற்ற நாம் செய்யக்கூடியது வேறு. புது எள், நல்ல காய்ச்சல், கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டுவது. வெயிலில் கண்ணாடி பாட்டிலை அடுக்கி வைத்துவிட்டு ஆன்டிஆக்சிடன்ட் பேசுவது வேடிக்கை. வெளிச்சம் பட்டால் எந்த எண்ணெயும் கெடும்.

பழைய லேபிள்களை அடுப்பில் போட்டாச்சு. இப்போது ஆட்டிய தேதி, எள் விளைந்த ஊர், அளவு, விலை. அவ்வளவுதான் இருக்கிறது. விற்பனை கொஞ்சம் குறைந்திருக்கிறது.