செவிக்குப் பிறகே கண்

வீட்டில் படம் பார்ப்பதற்கென ஓர் அறையை ஒழுங்கு செய்ய விழையும் நண்பர்கள் எங்களிடம் முதலில் கேட்பது, "எத்தனை அங்குலத்தில் டிவி வாங்கலாம்?" என்பதுதான். கையிருப்பு சொற்பமாக உள்ளவர்கள் கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி அது என்பது எங்கள் கருத்து. பட்டுத்தான் சொல்கிறோம்.

மூன்றாண்டுகளுக்கு முன் எழுபதாயிரம் ரூபாய் சேர்த்து, பெரும்பகுதியை 55 அங்குலத் தொலைக்காட்சிக்கே கொடுத்தோம். சனிக்கிழமை மாலைகளில் நண்பர்கள் கூடினர். வங்காளப் படங்களும் பிரெஞ்சுப் படங்களும் துணைத்தலைப்புகளின் தயவில் ஒப்பேறின. சிக்கல் தமிழ்ப் படத்தில்தான் வந்தது. பாலு மகேந்திராவின் 'வீடு' (1988) ஓடிக்கொண்டிருந்தபோது, எண்பதை நெருங்கும் அப்பா, "பாகவதர் என்ன சொல்றார்?" என்று இருமுறை கேட்டார். மூன்றாம் முறை கேட்கவில்லை. எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். அதன்பின் சனிக்கிழமைகளில் அவர் அந்த அறைக்கு வருவதில்லை. செவிக்குறை என்றே நாங்களும் எண்ணியிருந்தோம். ஒலியைக் கூட்டிப் பார்த்தபோது இரைச்சல் கூடிற்றே தவிர எங்களுக்கும் சொல் தெளியவில்லை.

மெல்லிய தொலைக்காட்சிகளில் நல்ல ஸ்பீக்கருக்கு இடமில்லை. இருப்பவையும் பெரும்பாலும் கீழ்நோக்கியோ சுவரை நோக்கியோதான் இருக்கின்றன. பேச்சு நம்மை அடையுமுன் மேசையிலும் சுவரிலும் மோதிக் கலங்கிவிடுகிறது.

உடனே ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்-வூஃபரும் ஒரே பெட்டியில் வரும் மலிவுத் தொகுப்பை நாடுவது அடுத்த பிழை. சிறு தொகையை ஆறாகப் பங்கிட்டால் ஆறும் சவலைப் பிள்ளைகளே. மேலும், நம்மைப் போன்றோர் திரும்பத் திரும்பப் பார்க்கும் 'பதேர் பாஞ்சாலி' (1955), 'மேகே டாகா தாரா' (1960), 'கொடியேற்றம்' (1977) எல்லாமே ஒற்றைத் தடத்தில் ஒலி பதிவானவை. பின்புற ஸ்பீக்கருக்கு அவற்றில் வேலையே இல்லை. ஆனால் அந்த ஒற்றைத் தடத்தில் என்னவெல்லாம் இருக்கிறது! 'கொடியேற்ற'த்தில் பின்னணி இசை கிடையாது. பேச்சும் ஊரின் சத்தங்களுமே அதன் இசை. கட்டக்கின் நீதா படியிறங்கும்போது ஒலிக்கும் சாட்டையடி, மட்டமான ஸ்பீக்கரில் ஏதோ பழுதுபோலக் கேட்கும்.

ஆகவே முதற்செலவு, கனமான கருந்திரைச் சீலை. பகலிலும் இருள் தரும், எதிரொலியையும் சற்று அடக்கும். அடுத்து, ஒரு நல்ல ஆம்ப்ளிஃபையரும் இரண்டே ஸ்பீக்கர்களும். பழையவை போதும், கூம்பைச் சுற்றிய நுரைவளையம் உதிர்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். எஞ்சியதில் டிவி. பத்தடி தள்ளி அமர்ந்தால், 43 அங்குலத் திரையில் 4கே-யின் கூடுதல் நுணுக்கத்தைச் சாதாரணக் கண் பிரித்தறியாது. சப்-வூஃபர் கடைசி, சுவரைப் பகிரும் அடுக்ககவாசிகளுக்கு அதுவும் வேண்டாம்.

சினிமா காட்சிக்கலை அல்லவா என்று நண்பர் ஒருவர் சினந்தார். நியாயமே. 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா'வை (1962) எங்கள் திரையில் பார்த்ததாகச் சொல்லிக்கொள்ள எங்களுக்கே கூச்சம். ஆனால் அப்பாலைவனம் 43 அங்குலத்தில் அடங்காததுபோலவே 55-இலும் அடங்காது.

சென்ற ஆண்டு பதினெட்டாயிரத்துக்குப் பழைய ஆம்ப்ளிஃபையரும் இரு ஸ்பீக்கர்களும் வாங்கி, 'வீடு' படத்தையே மீண்டும் போட்டோம். அப்பாவை அழைக்கவில்லை. பாகவதர் பேசத் தொடங்கிய சற்று நேரத்தில் அவரே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். பாதிப் படத்தில் ஒரேயொரு முறை வாய் திறந்தார்:

"சத்தத்தைக் கொஞ்சம் குறைங்கப்பா."