அண்ணன் மேடையும் மயிலாப்பூர் அறையும்

2025 மார்ச் 8 அன்று லண்டனில் அரங்கேறிய இளையராஜாவின் சிம்பொனியைப் பற்றி எல்லோரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். என் மனம் என்னவோ மயிலாப்பூரில் அவருக்கு மேற்கத்திய இசை கற்றுக்கொடுத்த தன்ராஜ் மாஸ்டர் தங்கியிருந்த அறையை விட்டு நகர மறுக்கிறது. பண்ணைப்புரத்துப் பிள்ளை அங்கே போய் உட்கார்ந்தபோது வெறுங்கையோடு போகவில்லை. அண்ணன் பாவலர் வரதராசனோடு பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் ஆர்மோனியம் வாசித்து, எந்த மெட்டுக்குக் கூட்டம் நிமிர்ந்து உட்காரும் என்று ஊர் ஊராகப் பார்த்தவர். அப்படிப்பட்டவர்தான் மேற்கத்திய இசைக்குறிப்பை அரிச்சுவடியிலிருந்து எழுதிப் பழகினார். கைதட்டல் வாங்கிப் பழகியவர் மறுபடி மாணவராவது லேசுப்பட்ட காரியமா? காதில் ஏறியிருந்த கிராமத்துப் பாட்டும் தாளில் கற்ற இலக்கணமும் 1976இல் ‘அன்னக்கிளி’ படத்தில் கைகோத்தன. அதன் பிறகும் அவர் படிப்பை நிறுத்தவில்லை, டி.வி. கோபாலகிருஷ்ணனிடம் கர்நாடக சங்கீதம் பயின்றார். லண்டன் மேடை ஏறியபோது வயது 81. அவர் பிறந்த ஊர்ப்பக்கமான கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டத்துக்கும் ஏலக்காய் எஸ்டேட்டுக்கும் வேலைக்குப் போகிற வீடுகளில் பாடத் தெரிந்த பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். ஊர் நுழைவாயிலில் பாராட்டுப் பதாகை கட்டுகிறவர்கள், அந்தப் பிள்ளைகள் படிக்கும் அரசுப் பள்ளிகளுக்கு ஓர் இசை ஆசிரியரையும் கேட்டு வாங்கித் தர வேண்டும்.