பட்டினி கிடக்கும் பேட்டரி... நடுஏரியில் நிற்கும் படகு!

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துக்கு 'பத்தாயிரம் ஏரிகளின் நாடு' என்று பட்டப்பெயர். கார் நம்பர் பிளேட்டிலேயே இதை எழுதி வைத்திருக்கிறார்கள். உண்மையில் அங்கிருக்கும் ஏரிகள் அதைவிட அதிகம். சனி, ஞாயிறு வந்தால் குடும்பத்தோடு மோட்டார் படகில் ஏறி மீன் பிடிக்கக் கிளம்புவது அங்கே சாதாரணம். அமெரிக்கா முழுக்கப் பதிவு செய்யப்பட்ட பொழுதுபோக்குப் படகுகள் மட்டுமே 1 கோடிக்கும் மேல்.

ஆனால், குளிர்காலத்தில் இந்த ஏரிகள் உறைந்துவிடும். அதனால் அக்டோபர் வாக்கில் படகைக் கரையேற்றி, மூடி வைத்துவிடுவார்கள். மறுபடி அது தண்ணீரைப் பார்ப்பது ஏப்ரல், மே மாதங்களில்தான். ஆறு மாதம் கழித்து ஆசையாகச் சாவியைத் திருகினால், 'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். என்ஜின் அசையாது.

'பேட்டரிக்கு வயசாகிடுச்சு' என்று புதிது வாங்கப் போவார்கள். பல நேரங்களில் காரணம் வயது அல்ல, பட்டினி. சார்ஜ் இல்லாமல் கிடந்தே அந்த பேட்டரி செத்துப்போயிருக்கும்.

உள்ளே என்ன நடக்கிறது?

பெரும்பாலான படகுகளில் இருப்பது 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி. உள்ளே ஈயத் தகடுகள், சுற்றிலும் கந்தக அமிலம் கலந்த நீர். மின்சாரத்தை எடுக்க எடுக்க, தகடுகளில் லெட் சல்ஃபேட் படியும். சார்ஜ் செய்தால் அது கரைந்து பழைய நிலைக்குத் திரும்பும்.

சட்டையில் பட்ட குழம்புக் கறை மாதிரிதான் இதுவும். உடனே அலசினால் போய்விடும். ஒரு வாரம் காயவிட்டால் எந்த சோப்பும் வேலைக்காகாது. சார்ஜ் இறங்கிய பேட்டரியை மாதக்கணக்கில் அப்படியே விட்டால், சல்ஃபேட் படிகங்கள் கெட்டியாகிவிடும். இதற்கு 'சல்ஃபேஷன்' என்று பெயர். அதன்பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய பலம் வராது.

சும்மா இருந்தாலும் பேட்டரியின் சார்ஜ் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். படகில் உள்ள ரேடியோ, கடிகாரம் போன்றவையும் சத்தமில்லாமல் உறிஞ்சிக்கொண்டிருக்கும்.

மினசோட்டா போன்ற இடங்களில் இன்னோர் ஆபத்தும் உண்டு. முழு சார்ஜில் உள்ள பேட்டரியின் அமிலக் கரைசல் மைனஸ் 50 டிகிரி செல்சியஸில்கூட உறையாது. சார்ஜ் தீர்ந்துவிட்டால் அதில் பெரும்பகுதி தண்ணீர்தான். மைனஸ் 10 டிகிரியை எட்டும் முன்பே உறைந்து, பேட்டரியின் பெட்டியையே பிளந்துவிடும். குளிரிலிருந்து பேட்டரியைக் காப்பாற்றுவது கம்பளி அல்ல, சார்ஜ்தான்.

மல்ட்டிமீட்டர் சொல்லும் கணக்கு

பேட்டரியின் நிலையை அறிய ஒரு சாதாரண மல்ட்டிமீட்டர் போதும். சார்ஜ் போட்டு முடித்த உடனே பார்க்கக் கூடாது. சில மணி நேரம் ஓய்வு கொடுத்துவிட்டுப் பார்க்க வேண்டும். சுமார் 12.7 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே இறங்கிவிட்டால், சல்ஃபேட் கெட்டியாகும் முன் உடனே சார்ஜ் செய்ய வேண்டும்.

படகைக் கரையேற்றும்போது பேட்டரியைக் கழற்றி, முழுதாகச் சார்ஜ் செய்து, காற்றோட்டமான இடத்தில் வைப்பது அனுபவசாலிகளின் வழக்கம். மாதம் ஒருமுறை வோல்ட்டேஜ் பார்ப்பார்கள். அல்லது, தேவைக்கேற்ப தானாகவே சார்ஜ் ஏற்றி நிறுத்தும் ஸ்மார்ட் சார்ஜரில் இணைத்து வைப்பார்கள். 'சிமென்ட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கிடும்' என்பது பழைய நம்பிக்கை. இன்றைய பிளாஸ்டிக் பெட்டி பேட்டரிகளுக்கு அது பொருந்தாது.

தண்ணீர் ஊற்றும் வகை என்றால், தகடுகள் எப்போதும் மூழ்கியிருக்க வேண்டும். டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். அதையும் சார்ஜ் ஏறிய பிறகு ஊற்றுவதே சரி. சார்ஜ் ஏறும்போது மட்டம் உயரும் என்பதால், முன்பே நிரப்பினால் அமிலம் வெளியே வழியும்.

பம்ப் நின்றால் படகு மூழ்கும்

கார் பேட்டரி தீர்ந்தால் ஓரமாகத் தள்ளி நிறுத்தலாம். ஏரி நடுவில் ஓரம் ஏது? ஆபத்து நேரத்தில் உதவி கேட்கும் ரேடியோ, இருட்டில் மற்ற படகுகளுக்கு அடையாளம் காட்டும் விளக்கு எல்லாம் அதே பேட்டரியை நம்பித்தான் இருக்கின்றன.

இதைவிட முக்கியமானது 'பில்ஜ் பம்ப்'. படகின் அடிவயிற்றில் சேரும் மழைநீரையும் கசிவுநீரையும் வெளியேற்றும் சின்ன மோட்டார் இது. தண்ணீர் ஏறினால் ஒரு மிதவை மேலே வந்து ஸ்விட்ச்சைப் போடும். ஆள் இல்லாத நேரத்திலும் ஓட வேண்டும் என்பதால், மெயின் ஸ்விட்ச்சைத் தாண்டி, ஃபியூஸ் வழியாக பேட்டரியோடு நேரடியாக இணைத்திருப்பார்கள்.

3 ஆம்பியர் இழுக்கும் பம்ப் நிற்காமல் ஓடினால், முழு சார்ஜில் உள்ள 80 ஆம்பியர் அவர் பேட்டரி ஒரு நாளுக்குச் சற்று மேல் தாங்கும். அரை சார்ஜ் என்றால் அரை நாள்தான். விடாமல் மழை பெய்யும் வாரத்தில், கரையில் கட்டிப்போட்ட படகுகள் மூழ்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதனால்தான் பல படகுகளில் இரண்டு பேட்டரிகள் வைக்கிறார்கள். ஒன்று என்ஜினைக் கிளப்ப. இதில் தகடுகள் மெல்லியவை, எண்ணிக்கை அதிகம். சில விநாடிகளில் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். மற்றொன்று 'டீப் சைக்கிள்'. தடித்த தகடுகள். விளக்கு, பாட்டு, மீன் தேடும் கருவி ஆகியவற்றுக்கு மணிக்கணக்கில் நிதானமாகக் கொடுக்கும். பாட்டுக் கேட்டு ஒன்று தீர்ந்தாலும், வீடு திரும்ப மற்றொன்று இருக்கும்.

மாற்றும்போது கவனம்!

* கழற்றும் முன் வயர் இணைப்புகளை செல்போனில் படம் எடுத்துக்கொள்வது நல்லது.

* கழற்றும்போது முதலில் நெகட்டிவ். மாட்டும்போது நெகட்டிவ் கடைசி. இந்த வரிசை மாறி, ஸ்பேனர் பாசிட்டிவ் முனையையும் என்ஜின் உலோகத்தையும் ஒன்றாகத் தொட்டால் தீப்பொறி பறக்கும். சார்ஜ் ஆகும்போது பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் அங்கே தேங்கியிருந்தால் வெடிக்கும் அபாயம் உண்டு. கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

* டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளை, பச்சைப் பொடியை ஆப்ப சோடா கரைத்த நீரால் தேய்த்துக் கழுவலாம். அந்த நீர் பேட்டரிக்குள் போகாதபடி மூடிகள் இறுக்கமாக இருக்க வேண்டும்.

* மலிவாகக் கிடைக்கிறதே என்று கார் பேட்டரியை வைக்கக் கூடாது. அலையில் படகு குதிக்கும் குதிக்கு அது தாங்காது.

* அட்டையில் உள்ள எண்ணைப் பார்த்து ஏமாறக் கூடாது. கிளப்பும் சக்தியை 'சி.சி.ஏ' என்று போட்டிருந்தால் மைனஸ் 18 டிகிரியில் அளந்தது. 'எம்.சி.ஏ' என்றால் 0 டிகிரியில் அளந்தது. ஒரே பேட்டரிக்கு இரண்டாவது எண் பெரிதாகவே இருக்கும்.

* லித்தியம் பேட்டரிக்கு எடை குறைவு, ஆயுள் அதிகம். ஆனால், உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக் கூடாது. பழைய சார்ஜரும் பொருந்தாமல் போகலாம்.

* வைத்தால் மட்டும் போதாது, கட்ட வேண்டும். உள்ளே பெட்ரோல் என்ஜின் பொருத்திய படகுகளுக்கு அமெரிக்க அரசின் விதியே இருக்கிறது. 90 பவுண்டு விசை அல்லது பேட்டரியின் எடையைப்போல் இரு மடங்கு, இதில் எது குறைவோ அந்த அளவுக்கு இழுத்தாலும் பேட்டரி 1 அங்குலத்துக்கு மேல் நகரக் கூடாது.

பழைய பேட்டரியைக் குப்பையில் போட முடியாது. ஈயமும் அமிலமும் மண்ணைக் கெடுக்கும். அங்கே பல மாநிலங்களில் புது பேட்டரி வாங்கும்போது ஒரு தொகையைக் கூடுதலாக வாங்கிக்கொண்டு, பழையதைக் கொடுத்தால் திருப்பித் தருகிறார்கள். கிட்டத்தட்ட தமிழ்நாட்டுக் கடைகளின் 'எக்ஸ்சேஞ்ச்' மாதிரிதான்.

படகே இல்லாத வீடுகளுக்கும் இதில் ஒரு சேதி உண்டு. வீட்டு இன்வெர்ட்டரிலும் பெரும்பாலும் இருப்பது அதே ஈயம், அதே அமிலம்தான். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும் முன் நீர்மட்டம் காட்டும் மிதவையை ஒருமுறை பார்த்துவிடுங்கள். சிவப்புக் கோட்டுக்கு இறங்கியிருந்தால், குழாய்த் தண்ணீர் வேண்டாம், டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள். மாதக்கணக்கில் நிறுத்தி வைத்த பைக் இருந்தால், அதன் பேட்டரியையும் மெக்கானிக்கிடம் காட்டிச் சார்ஜ் போட்டுவிடுவது நல்லது.