எதிர்க்கரையில் புகைகிற மலை

கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் மாலை வேளைகளில் கூட்டத்துக்குப் பஞ்சமில்லை. சுண்டலைக் கொறித்துக்கொண்டு கிழக்கே பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறோம். அந்தக் கிழக்கில் என்ன இருக்கிறது என்று என்றாவது நாம் கேட்டதுண்டா? தண்ணீர்தான் இருக்கிறது என்பீர்கள். தண்ணீருக்கு அப்பால்?

பூகோளப் படத்தை விரித்து வைத்துக்கொண்டு, கடலூரிலிருந்து நேர் கிழக்கே ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். வழியில் ஒரு துரும்புகூடக் குறுக்கே வராது. ஏறத்தாழ 1,400 கிலோ மீட்டர் கடலைத் தாண்டி, அந்தக் கோடு தெற்கு அந்தமானில் போய் முட்டும். கடலூரும் போர்ட் பிளேரும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. (2024-ல் போர்ட் பிளேரின் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றினார்கள். நாவு இன்னும் பழைய பெயரைத்தான் சொல்கிறது.) அங்கிருந்து வடகிழக்கே இன்னும் 140 கிலோ மீட்டர் கப்பலில் போனால் தனியாக ஒரு தீவு. தீவின் நடுவே ஒரு மலை. மலை புகைகிறது. சில வருஷங்களில் நெருப்பையும் கக்குகிறது.

அதுதான் பாரன் தீவு. இந்தியாவில் இன்று உயிரோடு இருக்கிற எரிமலை அது ஒன்றே. இமயமலையிலும் இல்லை, தக்காணத்திலும் இல்லை. கடலூர்க்காரர்களுக்கும் சிதம்பரத்துக்காரர்களுக்கும் எதிர்வீட்டில் இருக்கிறது. வீடு சற்றுத் தொலைவு, அவ்வளவுதான்.

இந்தக் காலத்தில் அந்தமான் போவது பிரமாதமான காரியமல்ல. சென்னையிலிருந்து கப்பலில் போனால் ஏறக்குறைய மூன்று நாள். விமானத்தில் சில மணி நேரம். போய் வந்தவர்கள் பலர் “எரிமலை பார்த்தோம்” என்று போட்டோவைக் காட்டுகிறார்கள். உற்றுப் பார்த்தால் ஒரு சேற்றுக் குழி, அதில் கொப்பளம். அது பாராட்டாங் தீவில் உள்ள சேற்று எரிமலை. பூமிக்கடியிலிருந்து வாயு வந்து சேற்றைத் தள்ளுகிறது. நெருப்புக் குழம்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. காசு கொடுத்துப் போனவரிடம் இதைச் சொன்னால் முகம் சுண்டிவிடுகிறது. ஆகவே நான் இப்போது சொல்வதில்லை.

அசல் எரிமலையைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையும் வளர்ந்து வருகிறது. அது நல்ல ஆசைதான். ஆனால் அதோடு இன்னொரு பேச்சும் கேட்கிறது. கப்பலிலிருந்து பார்த்தால் போதுமா, தீவில் இறக்கிவிட வேண்டாமா, கரையோரத்து வெந்நீர் ஊற்றில் குளிக்க வேண்டாமா, நாலு படம் எடுக்க வேண்டாமா என்கிறார்கள். வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். ஏன் என்று சொல்கிறேன்.

அந்தத் தீவின் குணத்தை முதலில் தெரிந்துகொள்வோம். குறுக்களவு மூன்று கிலோ மீட்டர்தான். கடல் மட்டத்துக்கு மேலே மலை முந்நூற்றுச் சொச்சம் மீட்டர். ஆனால் நாம் பார்ப்பது மலையின் தலையை மட்டும். உடல் முழுவதும் கடலுக்குள் இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் இறங்கிக் கிடக்கிறது. 1787-ல் அது நெருப்புக் கக்கியதாக முதல் குறிப்பு கிடைக்கிறது. 1789-ல் ஆர்ச்சிபால்ட் பிளேர் அங்கே போனார். போர்ட் பிளேருக்குப் பெயர் தந்தவர் அவர்தான். அதன்பின் 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் சில முறை சீறியது. பிறகு அடங்கிவிட்டது.

அந்த நூற்றாண்டில் கப்பலில் போன வெள்ளைக்காரர்கள் கரையோரத்து வெந்நீர் ஊற்றைப் பற்றித் தவறாமல் எழுதி வைத்தார்கள். முன்னால் போனவர்களுக்குக் கரையோரத் தண்ணீர் கொதிக்கிற பதத்தில் இருந்தது. பின்னால் போனவர்கள் சூடு குறைந்துகொண்டே வருவதைக் கண்டார்கள். 1880-களில் நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த மாலெட் என்பவர் இந்த அளவுகளையெல்லாம் திரட்டி விரிவாக எழுதினார். ஊற்று ஆறிவருகிறது, மலையும் ஆறிவருகிறது என்று யாருக்கும் தோன்றும். ஒரு தலைமுறையல்ல, நாலைந்து தலைமுறை அப்படியே போயிற்று. 1991-ல் மலை விழித்துக்கொண்டது. சுமார் ஆறு மாதம் கொந்தளித்தது; நெருப்புக் குழம்பு மேற்குப் பக்கத்து உடைப்பு வழியாக வழிந்து கடலில் இறங்கியது. 1994–95-ல் மறுபடியும். 2005-ல் மறுபடியும். 2017-ல், 2025 செப்டம்பரில் என்று இன்றுவரை கணக்கு முடியவில்லை. நூறு வருஷத்துக்கு மேல் தூங்கிய மலையே இப்படி என்றால், ஒரு நாள் பகல் புகையில்லாமல் இருப்பதைப் பார்த்து “இன்று சாந்தமாக இருக்கிறது, இறங்கலாம்” என்று யார் உத்தரவாதம் கொடுப்பது?

உத்தரவாதம் கொடுத்த ஊரின் கதையைக் கேளுங்கள். நியூஜிலாந்தில் வக்காரி என்று ஒரு தீவு; வெள்ளைத் தீவு என்றும் சொல்வார்கள். அதுவும் கடல் நடுவே உள்ள எரிமலைதான். படகில் கூட்டிப் போவார்கள், தலைக்கு ஒரு இரும்புத் தொப்பி, மூக்குக்கு ஒரு முகமூடி கொடுப்பார்கள், ஆவி கக்கும் குழிகளுக்கிடையே நடத்திக் காட்டுவார்கள். 2019 நவம்பரில் அபாய எச்சரிக்கை ஒரு படி உயர்த்தப்பட்டது. படகுகள் நிற்கவில்லை. டிசம்பர் 9 அன்று தீவில் 47 பேர் இருந்தபோது மலை வெடித்தது. 22 பேர் இறந்தார்கள். அவர்களைக் கொன்றது நெருப்புக் குழம்பு அல்ல. நிலத்தடித் தண்ணீர் ஒரு நொடியில் ஆவியாகி, சாம்பலையும் கல்லையும் அள்ளிக்கொண்டு பாய்ந்தது. வெந்நீர் ஊற்றைச் சுடவைக்கிற அதே சங்கதிதான்; பானைக்கு மூடி போட்டால் என்ன நடக்கும் என்பது நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும்.

2017 ஜனவரி 23 அன்று பாரன் தீவருகே நம் விஞ்ஞானிகள் நடந்துகொண்ட விதத்தை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கோவாவில் உள்ள தேசியக் கடலியல் நிலையத்தைச் சேர்ந்தவர்கள் ஆராய்ச்சிக் கப்பலில் போய்க் கடலடி மண்ணை எடுத்துக்கொண்டிருந்தார்கள். மலை திடீரெனச் சாம்பல் கக்கியது. அவர்கள் எட்ட விலகி, ஒரு மைல் தூரத்தில் நின்று பார்த்தார்கள். பகலில் சாம்பல் மேகம்தான் தெரிந்தது. பொழுது சாய்ந்த பிறகே மலை வாயிலிருந்து செந்நிறக் குழம்பு எழும்பிச் சரிவில் வழிவது தெரிந்தது. படித்தவர்களுக்கு ஒரு மைல் தூரம் போதுமானதாக இருந்தது. டிக்கெட் வாங்கியவருக்கு மட்டும் ஏன் போதாது?

வெந்நீரில் குளிக்க வேண்டும் என்பதே ஆசையானால் அதற்கு வேறு இடங்கள் உண்டு. வடக்கே மணிகரண் இருக்கிறது, வங்காளத்தில் பக்ரேஸ்வர் இருக்கிறது. தமிழர்களுக்கு இன்னும் பக்கத்தில், இலங்கையில் திருகோணமலையை அடுத்த கன்னியாவில் ஏழு கிணறுகள் இருக்கின்றன. அங்கெல்லாம் எரிமலை இல்லை. ஆனந்தமாகக் குளிக்கலாம்.

இறங்காமல் பார்ப்பது ஒரு குறையா என்றால், பிச்சாவரத்துக்காரர்களைக் கேட்க வேண்டும். சிதம்பரத்திலிருந்து பதினைந்து கிலோ மீட்டருக்குள் இருக்கிற அந்தச் சதுப்புக் காட்டை எத்தனையோ ஆயிரம் பேர் பார்த்துவிட்டுப் போகிறார்கள். படகில் உட்கார்ந்தபடியேதான் பார்க்கிறார்கள். வேரும் விழுதுமாய் மரங்கள் தலைக்கு மேல் கூடாரம் போட்டிருக்க, படகு அடியில் நுழைந்து போகிறது. யாரும் காட்டுக்குள் இறங்கி நடப்பதில்லை. நடந்தால் காடு இராது. தில்லை மரம் ஒன்றே போதும். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வாங்கிக் கொடுத்த மரம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. எட்ட இருந்து பார்த்துக் கும்பிட வேண்டியது எது, கிட்டப் போய்த் தொட வேண்டியது எது என்பதில் நம்மவர்களுக்குப் பழக்கம் இல்லாமல் இல்லை.

பாரன் தீவும் அப்படித்தான். அது வனவிலங்குச் சரணாலயம்; சாதாரண யாத்ரீகர்கள் கரையிறங்க அனுமதி இல்லை. பேர்தான் மொட்டைத் தீவு. எரிந்து கருகிய பக்கத்துக்குப் பின்னால் பச்சை மரங்களும் உண்டு. முன்பு கப்பலில் வந்தவர்கள் விட்டுப்போன ஆடுகள் காட்டு ஆடுகளாகப் பெருகிப் பிழைத்திருக்கின்றன. போர்ட் பிளேரிலிருந்து கப்பலில் போய், தீவைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்புகிற முறை அப்படியே இருக்கட்டும். அதைத் தளர்த்தச் சொல்லி யாராவது மனுப் போட்டால் சர்க்கார் காது கொடுக்கக்கூடாது.

ஆனால் இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. அந்தத் தீவை வேடிக்கைப் பொருளாக மட்டும் பார்க்க மற்ற ஊர்க்காரர்களுக்கு உரிமை உண்டு, கடலூர்க்காரனுக்கு இல்லை.

காரணம் கடலுக்கு அடியில் இருக்கிறது. நாம் நிற்கிற இந்தியப் பாறைத் தட்டு அந்தமானுக்கு மேற்கே, கடலடியில், இன்னொரு தட்டின் கீழே மெள்ள நுழைந்துகொண்டிருக்கிறது. நுழைந்தது ஆழத்துக்குப் போன பிறகு, அங்கே மேலே உள்ள பாறை உருகி, வழி கண்ட இடத்தில் வெளியே வருகிறது. அப்படி வந்ததுதான் பாரன் தீவு. அதே வரிசையில் தெற்கே போனால் சுமத்ராவின் எரிமலைகள், அதற்கும் அப்பால் கிரகட்டோவா. 1883-ல் கிரகட்டோவா வெடித்தபோது எழுந்த அலையை நாகப்பட்டினத்தில் இருந்த ஓத அளவுக் கருவி பதிந்து வைத்தது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த நுழைவாயில் 2004 டிசம்பர் 26 அன்று பிளந்துகொண்டது. சுமத்ராவில் தொடங்கிய பிளவு, அந்தமான் வரை 1,300 கிலோ மீட்டர் ஓடியது. சுனாமியை எரிமலை அனுப்பவில்லை. இரண்டும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், அவ்வளவே. நம் நேரப்படி காலை 6.29-க்குப் பூமி அதிர்ந்தது. அந்தமான் நிக்கோபாரில் ஊர்கள் அழிந்துகொண்டிருந்தபோது கடலூர்க் கரையில் வழக்கமான ஞாயிற்றுக்கிழமைக் காலை. அலை இங்கே வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. இரண்டு மணி நேரம்! சிதம்பரத்திலிருந்து ஒரு ஆள் சைக்கிளில் கிள்ளைக்கு வந்து சொல்லியிருக்கலாம். சொல்ல யாருக்கும் தெரியவில்லை. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் மாண்டார்கள். பிச்சாவரத்து முகத்துவாரத்தில் மணல்மேட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு என்ற மீனவர் குடியிருப்பு சிதைந்தது. காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களுக்குச் சேதம் குறைவு என்று கடலூர்க் கரையை ஆராய்ந்தவர்கள் 2005-ல் எழுதினார்கள். காடு மட்டுமல்ல, ஊர் இருந்த தூரமும் மேடும்தான் காப்பாற்றின என்று வாதித்தவர்களும் உண்டு. இருவர் சொல்வதும் இருக்கட்டும். காட்டை வெட்டச் சொல்லி எவரும் எழுதவில்லை.

2007 முதல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை நிலையம் இருக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது முதலில் பூகம்பத்தைத்தான் எதிர்பார்த்துக் காத்திருக்கிறது. 2018 டிசம்பர் 22 இரவு, கிரகட்டோவாவின் குட்டியான அனாக் கிரகட்டோவாவின் ஒரு பக்கம் சரிந்து கடலில் விழுந்தது. எச்சரிக்கத்தக்க பூகம்பம் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. அலையில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. எரிமலைத் தீவு என்றால் என்னவெல்லாம் செய்யும் என்று தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் யார் என்று காட்டுவதற்குத்தான் சொல்கிறேன்.

ஆகவே எனக்கு ஒரு யோசனை. செலவு அதிகமில்லை. தேவனாம்பட்டினத்திலும் பிச்சாவரம் படகுத் துறையிலும் ஒரு பெரிய கடல் படத்தை எழுதி வைக்க வேண்டும். இந்தப் பக்கம் கடலூர், அந்தப் பக்கம் அந்தமான், அதற்கப்பால் பாரன் தீவு. நடுவே பாறை நுழைகிற பள்ளம். அலை வர எத்தனை மணி என்பது கொட்டை எழுத்தில். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் நிலையம் இருக்கிறது. அங்குள்ளவர்கள் கிள்ளை, சாமியார்பேட்டைப் பள்ளிக்கூடங்களுக்கு வருஷத்துக்கு ஒரு நாள் வந்து கடலுக்கடியில் நடப்பதைச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் வாய் பிளந்து கேட்பார்கள். பையன்களைச் சுற்றுலா கூட்டிப்போகிற பள்ளிக்கூடங்கள் ஊட்டியையும் மைசூரையும் ஒரு வருஷம் விட்டுவிட்டு, பணமுள்ளவரையில் ஒரு கோஷ்டியையாவது அந்தமானுக்கு அனுப்பலாம். கடல் அடங்கியிருக்கிற பிப்ரவரி, மார்ச்சில் போவது நல்லது. விடியற்காலையில் கப்பல் மேல்தளத்தில் நின்று, மேற்குப் பக்கத்து உடைப்பு வழியாக அந்தக் கறுத்த சரிவைப் பார்க்கட்டும். அங்கிருந்து மேற்கே திரும்பி, நம் ஊர் எந்தத் திக்கில் இருக்கிறது என்று ஆசிரியர் கையை நீட்டிக் காட்டட்டும்.